முடிவுள்ள பக்கமும் முடிவில்லாப் பக்கமும்

ஒரு வீட்டின் பண்பை அதன் வாசலே சொல்லிவிடும். வாசல் தெளித்துக் கோலமிட்டிருந்தால், உள்ளே இருப்போர் விருந்தினரை எதிர்பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். வந்தவரை அமரச் செய்து, வந்த காரியத்தைக் கேட்டு, அது முடிந்ததும் வாசல்வரை வந்து வழியனுப்புவது நம் மண்ணின் வழக்கம். வந்தவர் புறப்படும் வேளையில் கதவை மறித்துக்கொண்டு, "இன்னும் ஒன்று பாருங்கள், இன்னும் ஒன்று கேளுங்கள்" என்று நிறுத்தி வைப்பவரை நாம் உபசாரம் அறிந்தவர் என்று சொல்வதில்லை. அவருக்கு நம்மிடம் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்றே எண்ணுவோம்.

இன்று வாசல்கள் பெருகிவிட்டன. பள்ளி, ஆலயம், வங்கி, மருத்துவமனை, இரயில் நிலையம் ஆகிய யாவற்றின் வாசலும் ஓர் உள்ளங்கைக் கண்ணாடிக்குள் வந்துவிட்டது. அத்தகைய வாசல்களை அமைத்துக் கொடுப்பதே எங்கள் தொழில். இணையத்தள வடிவமைப்பாளர் என்று எங்களை அழைப்பார்கள். எந்த எழுத்து எத்தனை பெரிதாய் இருக்க வேண்டும், எந்தப் பொத்தான் எந்த நிறத்தில் எங்கே அமைய வேண்டும், கண் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பவற்றை நாள்தோறும் முடிவு செய்பவர்கள் நாங்கள். ஆகவே இத்துறை பற்றிய எங்கள் கருத்தை மாணவச் செல்வங்கள், அருட்சகோதரியர், பெற்றோர் ஆகிய மூவர் முன்னும் இம்மலரின் வாயிலாக வைக்க விழைகிறோம்.

அக்கருத்து சிறியதுதான். வந்தவரின் தேவையை நிறைவேற்றி அவரை வழியனுப்பும் பக்கமே நல்ல பக்கம். அவரைப் போகவிடாது பிடித்து வைக்கும் பக்கம், எத்துணை அழகாயிருப்பினும், நல்ல பக்கம் அன்று. இணையத்தளத்திற்கும் சரி, சமூக ஊடகத்திற்கும் சரி, இந்த ஓர் அளவுகோல் போதும்.

இலவசமாய் வந்த செல்வம்

சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனிவா நகருக்கு அருகே செர்ன் என்னும் பெரிய ஆராய்ச்சிக்கூடம் உள்ளது. அங்கே பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேய அறிஞர் 1989-ஆம் ஆண்டில் ஒரு திட்டம் வரைந்தார். பல நாடுகளில் இருக்கும் ஆராய்ச்சியாளர்கள் ஒருவர் குறிப்பை மற்றவர் தம் இருக்கையிலிருந்தே படிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். 1991-இல் உலகின் முதல் வலைத்தளம் வெளியார் பார்வைக்கு வந்தது. அதில் படமில்லை, பாட்டில்லை, வண்ண ஜாலமில்லை. எழுத்துகளும், ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்திற்கு அழைத்துச் செல்லும் இணைப்புகளும் மட்டுமே இருந்தன. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள், இத்தொழில்நுட்பத்தை உலகில் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது.

இவ்வறிவிப்பை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. ஒவ்வொரு பக்கத்திற்கும் காசு என்று அன்று முடிவாகியிருந்தால், ஒரு கிராமத்துப் பள்ளி தனக்கென ஒரு தளம் வைத்துக்கொள்வதைக் கனவிலும் கருத முடியாது. கொடுத்தவர்கள் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். அந்த முதற்பக்கத்தை இன்றும் மிக மலிவான கைபேசியில் கூடத் திறந்து படிக்கலாம் என்பதே அதன் பெருமை. வேண்டாதது எதுவும் அதில் இல்லாமையால் அது முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நிற்கிறது.

நல்ல பக்கத்தின் இலக்கணம்

ஒரு பள்ளியின் தளத்தையே எடுத்துக்கொள்வோம். அதை யார் திறக்கிறார்கள்? பெரும்பாலும் ஒரு தாய் திறக்கிறார். காலை சமையலுக்கும் பேருந்துக்கும் இடையே, ஒரு கையில் கரண்டியும் மறு கையில் கைபேசியுமாகத் திறக்கிறார். அவருக்கு வேண்டியது என்ன? தேர்வு எந்நாளில் தொடங்குகிறது, கட்டணம் செலுத்தக் கடைசி நாள் எது, நாளை விடுமுறையா, பள்ளியின் தொலைபேசி எண் என்ன என்பவைதாம். ஆனால் பல தளங்களைத் திறந்தவுடன் நாம் காண்பது என்ன? கட்டடத்தின் படம் ஒன்று மெல்ல நகர்கிறது. அதன்மேல் வாழ்த்துரை ஒன்று ஓடுகிறது. "புதியது" என்னும் சொல் மின்னுகிறது. அதன் கீழே உள்ள செய்தியோ மூன்று ஆண்டுகளுக்கு முந்தியது. அத்தாய் தேடித் தேடிச் சலித்து, இறுதியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். அந்தத் தளம் அழகாயிருந்தும் வாசல் மூடிய வீடாகவே இருக்கிறது.

தளம் அமைக்க எங்களிடம் வருவோர், "பார்ப்பவர் அசந்து போக வேண்டும்" என்று கேட்பதுண்டு. பார்ப்பவர் அசந்து போவதைக் காட்டிலும், தேடியதைக் கண்டு மனநிறைவோடு போவதே மேல் என்பது எங்கள் துணிவு.

நல்ல பக்கத்திற்குச் சில இலக்கணங்கள் உண்டு. அவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். முதலாவது, எழுத்து எழுத்தாகவே இருக்க வேண்டும். சுற்றறிக்கையைத் தாளில் அச்சடித்து, அதைப் படம் பிடித்துத் தளத்தில் ஒட்டுவது இன்று எங்கும் காணப்படும் பழக்கம். அப்படத்தில் உள்ள சொல்லைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். சிறிய திரையில் பெரிதாக்கினால் வரிகள் ஓடி மறையும். பார்வையற்றோர் திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அம்மென்பொருளுக்கு அது பெரும்பாலும் வெறும் படமாகவே நின்றுவிடும். பார்வையற்ற தந்தை ஒருவர் தம் மகளின் தேர்வு நாளைத் தாமே அறிந்துகொள்ள முடியாமற்போவது நம் கவனக்குறைவால் விளையும் துன்பமல்லவா?

இரண்டாவது, எழுத்தும் அதன் பின்னணியும் நன்கு வேறுபட்டு விளங்க வேண்டும். வெளிர்மஞ்சள் தாளில் வெள்ளை எழுத்து எழுதினால் யார் படிப்பார்? இணையத்திற்கான நெறிமுறைகளை வகுக்கும் உலக அமைப்பு 2008-இல் வெளியிட்ட விதிகளில், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்னும் அளவிலாவது இருக்க வேண்டும் என வரையறுத்துள்ளது. வெயிலில் நின்று படிக்கும் தந்தைக்கும், கண்புரை உள்ள பாட்டிக்கும் இவ்விதி பேருதவி.

மூன்றாவது, தமிழ் தமிழாகத் தெரிய வேண்டும். ஒரு காலத்தில் ஆளுக்கோர் எழுத்துரு வைத்திருந்தோம். ஒரு கணினியில் தட்டெழுதிய தமிழ் மற்றொரு கணினியில் கிறுக்கலாய்த் தெரிந்தது. இன்று யுனிகோடு என்னும் பொதுமுறை வந்துவிட்டமையால், எழுதியது எங்கும் ஒரே வகையாய் விளங்குகிறது. ஆயினும் தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றின் தளங்களில் ஒரு வரித் தமிழ் கூட இல்லை. மகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்த பெற்றோர் அனைவரும் ஆங்கிலம் படிப்பவர்களா? முகப்புப் பக்கத்தில் ஒரு பகுதியேனும் அவர்களுடைய தாய்மொழியில் இருக்க வேண்டாமா?

இவ்விலக்கணங்கள் யாவும் ஒன்றையே வேண்டுகின்றன: வருபவரை மதித்தல். அவருடைய நேரத்தையும், கண்ணையும், கைபேசிக்கு அவர் செலவிடும் பணத்தையும் மதித்தல்.

முடிவில்லாப் பக்கம்

இனி மற்றொரு வகைப் பக்கத்தைப் பார்ப்போம். முகநூல் 2004-இலும், யூடியூப் 2005-இலும், இன்ஸ்டாகிராம் 2010-இலும் தோன்றின. இவற்றைப் பயன்படுத்த நம்மிடம் கட்டணம் கேட்பதில்லை. ஆயின் அவற்றுக்கு வருவாய் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது. நாம் அதிக நேரம் தங்கினால் அதிக விளம்பரம் பார்ப்போம். அதிக விளம்பரம் பார்த்தால் அவர்களுக்கு அதிக வருவாய். ஆகவே அங்கே எங்களைப் போன்ற வடிவமைப்பாளருக்கு இடப்படும் கட்டளையே வேறு. வந்தவரை விரைவில் வழியனுப்பு என்று அங்கே சொல்வதில்லை, புறப்படவிடாதே என்கிறார்கள்.

பழைய வலைப்பக்கத்திற்கு அடி உண்டு. அடிக்கு வந்தால் "அடுத்த பக்கம்" என்னும் பொத்தானை நாமே அழுத்த வேண்டும். அந்த ஒரு நொடியில் மனம், "போதுமா, இன்னும் வேண்டுமா?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும். 2006-ஆம் ஆண்டில் அசா ரஸ்கின் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர், விரலால் தள்ளத் தள்ளத் தானே நீளும் பக்கத்தை அமைத்தார். தேடுவோருக்கு வசதியாக இருக்கும் என்றெண்ணியே அதைச் செய்தார். சமூக ஊடகங்கள் அதனைப் பற்றிக்கொண்டன. அந்த ஒரு நொடிக் கேள்வி மறைந்தது. அதை அமைத்தவரே பின்னாளில் அதன் விளைவைக் கண்டு வருந்துவதாக வெளிப்படையாகக் கூறினார்.

பந்தியில் இலை காலியாவதற்கு முன்பே மீண்டும் மீண்டும் பரிமாறிக்கொண்டே இருந்தால், உண்பவருக்குத் தாம் உண்ட அளவு தெரிவதில்லை. அதுபோன்றதே இப்பக்கமும். ஒரு படக்காட்சி முடிந்தவுடன் அடுத்தது தானே ஓடத் தொடங்குகிறது. சிவப்புப் புள்ளி ஒன்று தோன்றி, "உனக்கு ஏதோ வந்திருக்கிறது" என்று அழைக்கிறது. திறந்து பார்த்தால் பெரும்பாலும் அது நமக்கு வந்ததே அன்று. நாளை கணக்குத் தேர்வு இருக்க, பத்து நிமிடம் மட்டும் என்று எடுத்த கைபேசி, மணி பதினொன்றாகியும் கையில் இருக்கிறது. "என் மகளுக்கு மனவுறுதி இல்லை" என்று தாய் குறை கூறுகிறார். மகளும் அதை நம்பித் தன்னையே நொந்துகொள்கிறாள்.

மாணவச் செல்வங்களே, ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். இதில் முழுக்குற்றமும் உங்களுடையதன்று. ஒரு பொத்தானை இரண்டு விதமாகச் செய்து, ஒரு சாராருக்கு ஒன்றும் மற்றொரு சாராருக்கு மற்றொன்றும் காட்டி, எது அதிக நேரம் பிடித்து வைக்கிறது என்று அளந்து, அதையே வைத்துக்கொள்வது இத்துறையில் அன்றாட வழக்கம். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியின் மனவுறுதிக்கு எதிரே, தேர்ந்த பொறியாளர்களின் உழைப்பு நிற்கிறது. இதை அறிந்தவள் பாதி விடுதலை பெற்றவள்.

எண்ணிக்கை என்னும் தராசு

2009-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முகநூலில் 'லைக்' என்னும் விருப்பக்குறிப் பொத்தான் வந்தது. பாராட்டும் பழக்கம் புதிதன்று. நல்ல கட்டுரையை ஆசிரியை பாராட்டுவார். நல்ல கோலத்தை அடுத்த வீட்டார் பாராட்டுவார். ஆனால் அப்பாராட்டை எண்ணி, அந்த எண்ணிக்கையைப் பலர் காணப் படத்தின் கீழே எழுதி வைப்பதுதான் புதிது.

பள்ளியில் மதிப்பெண் போடுகிறோம். அது கற்ற பாடத்திற்குப் போடும் மதிப்பெண். ஒரு பெண்ணின் முகத்திற்கு மதிப்பெண் போட எந்த ஆசிரியையும் துணியமாட்டார். சமூக ஊடகத்தில் நாள்தோறும் நடப்பது அதுவே. தோழியின் படத்திற்கு இருநூறு, தன் படத்திற்கு முப்பது என்று கண்டவள் என்ன நினைப்பாள்? தன் நிறத்தையும், பல்லையும், உடலையும் ஒவ்வொன்றாகக் குறை காணத் தொடங்குவாள். 2021-ஆம் ஆண்டில் இன்ஸ்டாகிராமை நடத்தும் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளியாயின. தங்கள் உடலைக் குறித்து ஏற்கெனவே மனம் குன்றியிருந்த வளரிளம் பெண்களுள் 100-க்கு 32 பேர், இன்ஸ்டாகிராம் அக்குறையை மேலும் பெருக்கியது என்று சொன்னதாக அந்நிறுவனத்தின் சொந்த ஆய்வே கூறியிருந்தது. ஆய்வை அவ்வாறு பொருள்கொள்வது சரியன்று என்று நிறுவனம் மறுத்தது. ஆயினும் அதே ஆண்டில், விருப்பக்குறிகளின் எண்ணிக்கையை வேண்டாதவர் மறைத்துக்கொள்ளும் வசதியை அது அளித்தது.

நாம் ஒவ்வொருவரும் இறைவனின் சாயலாகப் படைக்கப்பட்டோம் என்று மறைக்கல்வி வகுப்பில் கற்கிறோம். அச்சாயலுக்கு விலை குறிக்கும் உரிமையை ஒரு பொத்தானுக்குக் கொடுப்பது தகுமா?

ஒரு பொத்தானும் ஓர் உயிரும்

"பொத்தான்தானே, இதற்கு இத்தனை பேச்சா?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு 2018-ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். அவ்வாண்டு, பிள்ளை பிடிப்போர் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்னும் வதந்தி வாட்ஸ்அப் வழியே இந்தியாவின் பல மாநிலங்களில் பரவியது. மே மாதத்தில் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், உறவினருடன் கோவிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவர் வழியில் கண்ட குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். அன்பினால் செய்த அச்செயலே அவருக்கு எமனாயிற்று. பிள்ளை பிடிப்பவர் என்று கூட்டம் அவரை அடித்தே கொன்றது. வதந்தியை அனுப்பியவர் பலரும் கெட்டவர் அல்லர். தம் பிள்ளைகள்மேல் கொண்ட பாசத்தால், "எதற்கும் அனுப்பி வைப்போம்" என்று ஒரு பொத்தானை அழுத்தியவர்களே.

இதன்பின் 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐவருக்கோ ஐந்து குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் வரையறை செய்தது. 2019-இல் அது உலகெங்கும் வந்தது. 2020-இல், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓரிடத்திற்கே அனுப்பலாம் என்று மேலும் இறுக்கினார்கள். கவனியுங்கள்: பொத்தானின் அமைப்பைச் சற்று மாற்றினால் பரவும் வேகம் குறையும் என்பதை அமைத்தவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அப்படியானால் வடிவமைப்பு என்பது வெறும் அலங்காரமன்று. அது அறம் சார்ந்த செயல்.

நன்மையும் உண்டு

சமூக ஊடகத்தால் நன்மையே இல்லை என்று சொல்வோமாயின் அது உண்மைக்கு மாறாகும். 2015 டிசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, எந்தத் தெருவில் யார் தவிக்கிறார், எங்கே படகு வேண்டும், எங்கே உணவு உள்ளது என்ற செய்திகளை முன்பின் அறியாத இளைஞர்கள் இவ்வூடகங்களின் வழியாகவே திரட்டிக் கொடுத்தார்கள். அங்கே ஊடகம் மனிதரை மனிதரிடம் கொண்டு சேர்த்தது. சேர்த்துவிட்டு விலகி நின்றது. எங்கள் அளவுகோலின்படி அது நல்ல பயன்.

திருச்சபையும் இக்கருவிகளை வெறுத்து ஒதுக்கியதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டிலேயே சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றித் தனி ஆவணம் வெளியிட்டது. 1967 முதல் ஆண்டுதோறும் உலகச் சமூகத் தொடர்பு நாள் கொண்டாடப்படுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019-ஆம் ஆண்டுச் செய்தியில், இணையத்திலேயே அடைந்து கிடந்து உலகை விட்டு விலகும் இளைஞரைக் குறித்துக் கவலை தெரிவித்தார். குடும்பத்தார் இணையத்தால் நெருங்கி, பின் ஒரே மேசையில் அமர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் காண்பாராயின் அதுவே நற்பயன் என்ற கருத்தையும் அவர் அதில் வலியுறுத்தினார். இதையே நாங்கள் எங்கள் தொழில் மொழியில் வழியனுப்பும் பக்கம் என்கிறோம்.

சொந்த வீடும் வாடகை வீடும்

பள்ளிகள் பலவும் இன்று, "முகநூல் பக்கம் இருக்கிறது, வாட்ஸ்அப் குழு இருக்கிறது, தனித்தளம் எதற்கு?" என்று எண்ணுகின்றன. இதில் எங்களுக்கு உடன்பாடில்லை. தனித்தளம் சொந்த வீடு. சமூக ஊடகப் பக்கம் வாடகை வீடு. வாடகை வீட்டில் வீட்டுக்காரர் வைத்ததே சட்டம்.

2004-இல் தொடங்கி நம் நாட்டு இளைஞரைக் கவர்ந்த ஆர்குட் 2014 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. 2020 ஜூன் மாதத்தில் டிக்டாக் செயலி நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. 2021 அக்டோபர் 4 அன்று முகநூலும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் ஒருசேர ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. அறிவிப்பு அனைத்தையும் அவற்றிலேயே வைத்திருந்தோர் அன்று கைகட்டி நின்றனர். பள்ளியின் வரலாறும், ஆண்டறிக்கையும், அறிவிப்புகளும் சொந்தத் தளத்தில் இருக்கட்டும். அவை வெளியாகிவிட்டன என்னும் செய்தியை மட்டும் சமூக ஊடகம் சொல்லட்டும். மேலும், முகநூலில் கணக்கு இல்லாத தாய் ஒருவரும் பள்ளிச் செய்தியை அறியும் உரிமையுடையவர் என்பதை மறத்தலாகாது.

பிள்ளைகளின் படங்கள்

இப்பகுதியைப் பெற்றோரும் பள்ளியை நடத்துவோரும் சற்று நின்று படிக்க வேண்டுகிறோம். ஆண்டுவிழா முடிந்த அன்றிரவே நூற்றுக்கணக்கான படங்கள் இணையத்தில் ஏறிவிடுகின்றன. நடனமாடிய சிறுமியின் முகம் தெரிகிறது, சீருடை தெரிகிறது, கீழே பெயரும் வகுப்பும் அச்சாகியிருக்கின்றன. முன்பின் அறியாத ஒருவன் அப்பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்க வேறென்ன வேண்டும்? ஒரு படத்தை எடுத்து வேறொன்றாக மாற்றி இழிவுபடுத்தும் கருவிகளும் செயற்கை நுண்ணறிவால் இன்று எளிதில் கிடைக்கின்றன. இம்மலரில் அச்சான படம் நம் வீட்டு அலமாரியில் இருக்கும். இணையத்தில் ஏறிய படத்தைத் திரும்பப் பெறுவது கொட்டிய நெல்லைப் புயற்காற்றில் பொறுக்குவது போன்றது.

நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. குழந்தைகளின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றும், குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்தல் கூடாது என்றும் அது கூறுகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வரும்படி வகுக்கப்பட்டுள்ளன. ஆஸ்திரேலிய நாட்டிலோ 16 வயதுக்குட்பட்டோர் முக்கிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்துக்கொள்வதைத் தடுக்கும் சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டம் வேலி போன்றது. வேலி இருப்பதால் மட்டும் பயிர் விளைந்துவிடாது. தோட்டக்காரர் நாமல்லவா?

கணினி கற்ற புனிதர்

இக்கருவிகளைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதற்கு எடுத்துக்காட்டாக விளங்குபவர் புனித கார்லோ அகுதிஸ். 1991 மே 3 அன்று இலண்டனில் இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்து, மிலான் நகரில் வளர்ந்தவர். சிறு வயதிலேயே பெரியோருக்கான கணினி நூல்களைப் படித்துத் தாமே நிரல் எழுதக் கற்றார். உலகின் பல இடங்களில் நிகழ்ந்ததாகத் திருச்சபையில் போற்றப்படும் நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து ஒரு வலைத்தளம் அமைத்தார். 2006 அக்டோபர் 12 அன்று, இரத்தப் புற்றுநோயால் 15 வயதில் இறைவனடி சேர்ந்தார். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

அவருக்கும் கணினி விளையாட்டில் ஆசை இருந்தது. ஆனால் வாரத்திற்கு ஒரு மணி நேரமே அதற்கென்று தாமே எல்லை வகுத்துக்கொண்டார் என்பர். அவர் அமைத்த தளத்தில் யாரையும் பிடித்து வைக்கும் தந்திரம் எதுவும் இல்லை. படிப்பவர் அதை மூடிவிட்டு ஆலயத்திற்குச் செல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம். தளம் ஒரு கைகாட்டி. கைகாட்டியின் அடியிலேயே யாரும் குடியிருப்பதில்லை.

செய்யத்தக்கவை

மாணவியருக்குச் சொல்வோம். முதலாவதாக, கைபேசியில் வேண்டாத அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள்; விருப்பக்குறிகளின் எண்ணிக்கையை மறைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் 2014 முதல் தோன்றும் நீலநிற இரட்டைக்குறியால், "படித்தும் பதில் போடவில்லையே" என்று தோழியரிடையே எத்தனை மனவருத்தம்! அதையும் நிறுத்தி வைக்கலாம். இரண்டாவதாக, எந்தப் பக்கத்தைத் திறக்குமுன்னும், "எதற்காகத் திறக்கிறேன்?" என்று மனத்துள் சொல்லிக்கொள்ளுங்கள், அது முடிந்ததும் மூடிவிடுங்கள். மூன்றாவதாக, பார்ப்பவராக மட்டும் இராமல் படைப்பவராகுங்கள். ஒரு வலைப்பக்கம் எழுதக் கற்றுக்கொள்ள விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. பள்ளிக் கணினியே போதும். உங்கள் ஊர்க் குளத்தைப் பற்றியோ, பாட்டியின் கைமருந்தைப் பற்றியோ ஒரு பக்கம் அமைத்துப் பாருங்கள். ஒரு பொத்தானை ஏன் அங்கே வைத்தோம் என்று நீங்களே யோசித்துவிட்டால், பிறர் வைத்த பொத்தானின் உட்பொருள் தானே விளங்கும். இத்துறைக்குப் பெண்கள் பெருமளவில் வர வேண்டும் என்பது எங்கள் ஆவல். பெண்ணின் நாணத்தையும் அச்சத்தையும் உணர்ந்தவர் பக்கம் அமைத்தால், பெண்ணைத் துன்புறுத்தும் பக்கங்கள் குறையும்.

பெற்றோருக்குச் சொல்வோம். மகளின் கைபேசியைப் பிடுங்குமுன் நம் கைபேசியைக் கீழே வைப்போம். உணவு வேளையில் வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளும் ஓரிடத்தில் உறங்கட்டும். உறுதி செய்யாத செய்தியை எவருக்கும் அனுப்பாதிருப்போம். மகள் இணையத்தில் ஏதேனும் தொல்லைக்கு ஆளானால், "நீ ஏன் அங்கே போனாய்?" என்பது நம் முதற்கேள்வியாக இருத்தலாகாது. அக்கேள்விக்கு அஞ்சியே பல பெண்கள் துன்பத்தை மறைத்து வைக்கிறார்கள். இணையக் குற்றங்களைத் தெரிவிக்க 1930 என்னும் எண்ணும், குழந்தைகளின் உதவிக்கு 1098 என்னும் எண்ணும் உள்ளன. இவற்றை ஒவ்வொரு வீட்டிலும் எழுதி ஒட்டி வையுங்கள்.

அருட்சகோதரியருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் பணிவுடன் வேண்டுகிறோம். பள்ளித் தளத்தை மாதம் ஒருமுறை, கணினியறியாத ஒரு தாயின் கையில் கொடுத்து, தேர்வு நாளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர் எவ்விடத்தில் தடுமாறுகிறாரோ அவ்விடத்தைத் திருத்துங்கள். மாணவியரின் படத்தைப் பெற்றோரின் எழுத்து ஒப்புதலின்றி வெளியிடாதீர்கள். வெளியிட நேர்ந்தால் பெயரைத் தவிர்த்து, குழுவாக உள்ள படத்தையே தேர்ந்தெடுங்கள். பள்ளியின் பெருமையைக் காட்டிலும் ஒரு சிறுமியின் பாதுகாப்பு பெரிது என்பதைத் தாங்கள் எங்களைவிட நன்கு அறிவீர்கள்.

ஆண்டுமலர் என்பது பழைய முறை. இணையம் வந்தபின் இது தேவையா என்று கேட்போர் உண்டு. தேவை என்றே நாங்கள் சொல்வோம். இம்மலருக்கு அட்டை உண்டு, உள்ளடக்கம் உண்டு, கடைசிப் பக்கமும் உண்டு. படித்து முடித்ததும் இது உங்களைப் பிடித்து வைக்காது. மூடி வைத்துவிட்டு, அருகில் இருப்பவரோடு பேசலாம், செபம் சொல்லலாம், நிம்மதியாய் உறங்கலாம். நாம் அமைக்கும் தளங்களும், நாம் திறக்கும் பக்கங்களும் இம்மலரைப் போலவே முடிவுடையனவாய் அமைய எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவாராக!